எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்: ஆளெடுப்புத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களில் ஆளெடுப்பைக் கவனிக்கும் எச்.ஆர். அதிகாரிகளுக்கும், 'இந்த வேலைக்கு இன்னின்ன தகுதி வேண்டும்' என்று அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் விளம்பரங்களின் கடைசியில் ஒரு வரி வரும். 'தொடர்புடைய சான்றிதழ்கள் இருந்தால் கூடுதல் தகுதியாகக் கருதப்படும்.' எந்தச் சான்றிதழ், யார் கொடுத்தது, எவ்வளவு கூடுதல் என்று ஒன்றும் இருக்காது. உங்களைப் பொறுத்தவரை அது போன விளம்பரத்திலிருந்து காப்பி அடித்து ஒட்டிய வரி. படிக்கிறவருக்கோ அது பல மாத உழைப்பு, கைக்காசு, தூக்கம். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் இணையவழிப் படிப்புகளில் ஒப்படைப்புகளை, அதாவது மாணவர்கள் எழுதி அனுப்பும் அசைன்மென்ட்டுகளை, திருத்துகிறவள். டேட்டா அனாலிசிஸ், புராஜெக்ட் மேனேஜ்மென்ட், டிஜிட்டல் மார்க்கெட்டிங் போன்ற குறுகிய காலப் படிப்புகள். நாலு வாரமோ எட்டு வாரமோ படித்து முடித்தால் ஒரு குறுஞ்சான்றிதழ் கிடைக்கும், சுயவிவரப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு டிஜிட்டல் பேட்ஜும் கிடைக்கும். உங்கள் விளம்பரத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது என் திரையில் தெரிகிறது. உங்கள் திரையில் தெரிய வழியில்லை.

ஒப்படைப்பு வந்து சேர்ந்த நேரம் ஓரத்தில் பதிவாகியிருக்கும். இரவு பதினொன்றுக்கு மேல்தான் கூட்டம். விடியற்காலை இரண்டு மணிக்கு வருவதும் உண்டு. மாதச் சந்தா கட்டிப் படிக்கும் படிப்புகளில் இன்னொரு கூட்டம் சேரும், சந்தா புதுப்பிக்கும் தேதிக்கு முந்தின நாள். மூன்று வாரப் பாடத்தை ஒரே ராத்திரியில் முடித்து அனுப்புவார்கள். கூடவே ஒரு குறிப்பு: "மேடம், நாளைக்கு கார்டுல பணம் எடுத்துடுவாங்க. இன்னிக்குள்ள திருத்திக் குடுத்தீங்கன்னா கேன்சல் பண்ணிடுவேன்." வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, வினாடி வினாவில் தவறிய கேள்விகளை மட்டும் குறித்துவைத்துக்கொண்டு மறுபடி எழுதித் தேறி, சான்றிதழை இறக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பாடம் மனதில் நின்றதா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் போடும் கணக்கு சரியான கணக்கு. விண்ணப்பங்களைச் சலிக்கும் உங்கள் மென்பொருளின் வடிகட்டியைத் தாண்ட ஒரு சான்றிதழின் பெயர் தேவை; அதை மலிவாகவும் சீக்கிரமாகவும் வாங்குகிறார்கள். அதற்குமேல் அவர்களிடம் நீங்கள் எதுவும் கேட்கவும் இல்லையே.

தொடக்கத்தில் இந்தப் படிப்புகளின் நோக்கம் வேறாக இருந்தது. 2008-இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீஃபன் டவுன்ஸும் ஒரு பாடம் நடத்தினார்கள். கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 25 பேர். இணையத்தில் சும்மா வந்து சேர்ந்துகொண்டவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். 2011-இல் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ருனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் திறந்துவிட்டபோது ஏறத்தாழ 1,60,000 பேர் பதிந்தார்கள். அடுத்த ஆண்டுக்குள் கோர்செரா, எடெக்ஸ், யுடாசிட்டி என்ற இணையப் படிப்புத் தளங்கள் மூன்றும் வந்துவிட்டன. உலகின் எந்த மூலையில் இருந்தாலும் நல்ல ஆசிரியரிடம் காசில்லாமல் படிக்கலாம் என்பதுதான் அப்போதைய பேச்சு. அந்தப் பேச்சில் உண்மையும் இருந்தது, இன்றும் இருக்கிறது. புரியாத இடத்தில் நிறுத்திப் பத்து முறை கேட்கலாம். காது கேளாதவர் எழுத்தில் படித்துக்கொள்ளலாம். வீட்டை விட்டு நகர முடியாதவர் படிக்கலாம். பணி ஓய்வு பெற்றவர்கள் சிலர் என் வகுப்புகளில் சேர்வார்கள். அவர்களுக்குச் சான்றிதழே வேண்டாம், காசும் கட்ட மாட்டார்கள். நான் திருத்துகிற ஒப்படைப்புகளில் ஆற அமர யோசித்து எழுதப்பட்டவை பெரும்பாலும் அவர்களுடையவைதான்.

ஆனால் இலவசமாகக் கொடுத்துக்கொண்டே எந்த நிறுவனமும் நடக்காது. முதலில் பாடம் இலவசம், சான்றிதழுக்கு மட்டும் காசு என்றார்கள். பிறகு பல இடங்களில் திருத்தித் தருவதற்கும் காசு, பாடத்துக்குள் நுழைவதற்கே சந்தா என்று ஆயிற்று. யுடாசிட்டி 2014-இல் குறுஞ்சான்றிதழுக்கு 'நானோடிகிரி' என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2015-இல் 'மைக்ரோமாஸ்டர்ஸ்' என்ற சான்றிதழை அறிவித்தது. விற்பனைச் சரக்கு பாடத்திலிருந்து சான்றிதழுக்கு மாறிவிட்டது. வகுப்பை ஆசிரியர் நடத்துகிறார், தளத்தை முதலீட்டாளர் நடத்துகிறார், சான்றிதழின் மதிப்பை மட்டும் நீங்கள் நிர்ணயிக்கிறீர்கள். அதுவும் எப்படி? 'கூடுதல் தகுதியாகக் கருதப்படும்' என்று பிடிகொடுக்காமல் எழுதி.

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012 முதல் 2018 வரை நடத்திய படிப்புகளின் தரவை ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஐம்பத்தாறு லட்சம் பேரின் பதிவுகள். 2017-18-இல் பதிந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். இந்த எண்ணைச் சொல்லி இணையப் படிப்பைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கேலிக்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டிப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எங்கும் இருப்பார்கள். அதே ஆண்டில் சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு நாற்பத்தாறு. என் திரையில் ராத்திரி இரண்டு மணிக்குத் தெரிகிறவர்கள் இந்த நாற்பத்தாறு பேர்தான். படிப்பு அவர்களுக்கு ஆசை இல்லை, அவசரம். கட்டிய பணத்தை விட்டுவிட மனசில்லாமல் முடிக்கிறார்கள்.

யார் இவர்கள்? அமெரிக்காவில் 2015-இல் வந்த ஓர் ஆய்வு, இந்தத் திறந்த படிப்புகளில் பதிவதும் சான்றிதழ் வாங்குவதும் வசதியான பகுதிகளில் வாழ்கிறவர்களிடமே அதிகம் என்று காட்டியது. இணையமே எட்டாதவர்கள் 2024-இல் 260 கோடிப் பேர் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மதிப்பீடு. இணையம் இருந்தால் மட்டும் போதுமா? மூடிக்கொள்ள ஒரு கதவு வேண்டும், யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் வேண்டும். ஒப்படைப்போடு வரும் மன்னிப்புக் குறிப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும்: "குழந்தை தூங்கின அப்புறம்தான் உக்கார முடிஞ்சுது." எழுதுகிறவர் அநேகமாகத் தாயாகத்தான் இருப்பார். தேர்வில் தோற்றதாக எங்கும் பதிவாகாமலே, பாதியில் காணாமல் போகிறவர்களில் இவர்கள் பலர். உங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் இவர்கள் பெயருக்கு எதிரே வெறும் கட்டம் இருக்கும். திறமை இல்லை என்று நீங்கள் படித்துக்கொள்வீர்கள்.

கேரி பெக்கர் என்ற பொருளியல் அறிஞர் 1960-களில் சொன்ன ஒன்றை உங்களில் எம்.பி.ஏ. படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எந்த நிறுவனத்திலும் செல்லுபடியாகும் திறமையை எந்த நிறுவனமும் தன் செலவில் கற்றுத்தர விரும்பாது. கற்றுக்கொண்டவர் அடுத்த நாளே பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடலாம். நியாயமான பயம்தான். முன்பெல்லாம் பயிற்சிக் காலம் என்று வைத்து, குறைந்த சம்பளம் கொடுத்து, ஆளைப் பழக்கி எடுத்தார்கள். கற்றுக்கொடுக்கும் செலவை இரண்டு தரப்பும் பகிர்ந்துகொண்ட ஏற்பாடு அது. இப்போது அந்தச் செலவு முழுவதும் விண்ணப்பதாரர் தலையில். வேலை கிடைக்கும் முன்பே, கிடைக்குமா என்று தெரியாமலே, தன் பணத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறார். வேலை கிடைக்காதவரின் செலவு யார் கணக்கிலும் ஏறுவதில்லை. குறுஞ்சான்றிதழ் சமூகத்தில் செய்திருக்கும் மிகப்பெரிய மாற்றம் இந்தச் சுமை மாற்றம்தான் என்பது என் எண்ணம். தொழில்நுட்பம் அதற்குச் சாக்காக அமைந்துவிட்டது.

இதன் இன்னொரு பக்கத்தை மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற இன்னொரு பொருளியல் அறிஞர் 1973-இல் விளக்கினார். பின்னாளில் 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். ஒரு படிப்பு எதையும் கற்றுத்தராவிட்டால்கூட, அதை முடிப்பது திறமை குறைந்தவருக்குக் கூடுதல் சிரமம் என்றால், முடித்தவரைத் திறமையாளர் என்று முதலாளி நம்பலாம் என்றார். இப்போது யோசித்துப் பாருங்கள். வினாடி வினாவை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். ஒப்படைப்பை ஏ.ஐ. எழுதித் தருகிறது. எனக்கு வரும் சில கட்டுரைகளின் முதல் வரியிலேயே 'நிச்சயமாக! நீங்கள் கேட்டபடி கட்டுரை இதோ' என்று இருக்கும். அதை நீக்கக்கூட நேரமில்லாமல் ஒட்டியிருப்பார்கள். இப்படி வந்த சான்றிதழ் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. காட்டாததால் நீங்கள் இன்னொன்று கேட்கிறீர்கள். எல்லோரும் இன்னொன்று வாங்குகிறார்கள். அமெரிக்காவில் மட்டும் பட்டங்கள், உரிமங்கள், பேட்ஜ்கள் எல்லாம் சேர்த்துப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வகைத் தகுதிச் சான்றுகள் இருப்பதாக 2022-இல் ஒரு கணக்கு வந்தது. இத்தனைக்குள் எதை எடுப்பது என்று இருபத்திரண்டு வயதுப் பிள்ளை எப்படித் தீர்மானிக்கும்? விளம்பரத்தில் எது பெரிதாக மின்னுகிறதோ அதை எடுக்கும்.

சான்றிதழின் மேல் நம்பிக்கை குறைந்தால் அதைக் கட்டி நிறுத்தக் கேமரா வருகிறது. தேர்வு தொடங்கும் முன் மடிக்கணினியைக் கையில் தூக்கி, அறையின் நாலு சுவரையும், மேசைக்கு அடியையும், கட்டிலையும் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். தனி அறை உள்ளவருக்கு அரை நிமிட வேலை. ஒரே அறையில் ஐந்து பேர் படுத்திருக்கும் வீட்டில், தூங்குகிறவர்களையும் தொங்கும் துணிகளையும் முகம் தெரியாத ஒருவருக்குக் காட்ட வேண்டும். பின்னால் யாராவது புரண்டு படுத்தால் 'சந்தேகத்துக்குரிய அசைவு' என்று கொடி விழும். 2022-இல் ஒஹையோவில் ஒரு மாணவர் தொடுத்த வழக்கில், அரசுப் பல்கலைக்கழகம் தேர்வுக்கு முன் இப்படி அறையைக் காட்டச் சொன்னது நியாயமற்ற சோதனை என்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகத்தை எதிர்த்து வழக்குப் போட ஒருவர் இருந்தார். சான்றிதழ் வாங்க வரும் வேலை தேடுபவர் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவார்.

'நாங்கள் பட்டம் பார்ப்பதில்லை, திறமைதான் பார்க்கிறோம்' என்று உங்களில் பலர் மேடைகளில் பேசுகிறீர்கள். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் வேலைச் சந்தையை ஆராயும் பர்னிங் கிளாஸ் இன்ஸ்டிடியூட்டும் சேர்ந்து அமெரிக்க நிறுவனங்களின் ஆளெடுப்பை ஆராய்ந்து 2024-இல் ஓர் அறிக்கை தந்தன. விளம்பரங்களிலிருந்து பட்டத் தேவையை நீக்கியதால் உண்மையில் பலன் பெற்றவர்கள், முந்தைய ஆண்டு வேலைக்கு எடுக்கப்பட்ட 700 பேரில் ஒருவருக்கும் குறைவு. அறிவிப்பு ஊர் முழுக்கத் தெரிந்தது, ஆளெடுப்பு பழையபடியே நடந்தது. பட்டமில்லாதவர் உங்கள் மேடைப் பேச்சை நம்பிச் சான்றிதழ் வாங்குகிறார். பட்டம் பெற்றவர், அவரைவிடப் பின்தங்கிவிடக் கூடாது என்று தானும் வாங்குகிறார். கடைசியில் பட்டமும் சான்றிதழும் வைத்திருப்பவரை எடுக்கிறீர்கள். பட்டத்துக்குப் பதிலாக வந்ததாகச் சொல்லப்பட்டது, பட்டத்தோடு சேர்ந்து இன்னொரு செலவாக உட்கார்ந்துவிட்டது.

வேலையில் இருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. தொழில்நுட்பச் சான்றிதழ்கள் பலவற்றுக்கு ஆயுள் மூன்று வருடம், சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சி.சி.என்.ஏ. அப்படித்தான், அமேசான் கிளவுட் சான்றிதழ்களும் அப்படித்தான். தொழில்நுட்பம் மாறும்போது படிப்பும் மாறத்தானே வேண்டும் என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அந்தப் புது அறிவு யாருக்குப் பயன்படுகிறது? உங்கள் நிறுவனத்துக்கு. படிப்பது யார் நேரத்தில்? அவருடைய ஞாயிற்றுக்கிழமையில். உலகத் தொழிலாளர் அமைப்பு 1974-லேயே 140-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. தொழிலாளி வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, குறிப்பிட்ட காலம் படிக்க விடுப்பு பெறலாம் என்பது அதன் சாரம். இணையமே இல்லாத காலத்தில் எழுதியது. எங்கும் எப்போதும் படிக்கலாம் என்ற வசதி வந்த பிறகு, எங்கும் எப்போதும் படித்தே ஆக வேண்டும் என்று மாற்றிக்கொண்டோம். நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் தன் ஒப்படைப்பில், 'இந்தப் பாடத்திலிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு 'வேலை போகாமல் இருக்க' என்று மூன்று சொல்லில் முடித்திருந்தார். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. இருந்திருந்தால் முழுதாகப் போட்டிருப்பேன்.

உங்கள் மேசைக்கு வராத இன்னொரு இழப்பும் உண்டு. ஒவ்வொரு படிப்பிலும் ஒரு கலந்துரையாடல் பகுதி இருக்கும். அதில் முதல் இழையே 'உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்' என்பதுதான். திறந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான வணக்கங்கள் வரிசையாக இருக்கும். 'வணக்கம், நான் கணக்காளர், புதிதாக ஒன்று கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்.' அடியில் பதில்கள்: பூஜ்ஜியம். அடுத்த வணக்கம், பதில்கள்: பூஜ்ஜியம். வகுப்பறையில் மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவன் பின்னாளில் ஒரு வேலை காலியாக இருக்கிறது என்று போன் செய்வான். 'இந்தப் பெண் பொறுப்பானவள்' என்று சொல்ல ஒரு பேராசிரியர் இருப்பார். இணையச் சான்றிதழோடு இது எதுவும் வருவதில்லை. நீங்களோ ஆளெடுப்பில் இன்னும் 'நம்ம ஆள் ஒருத்தர் சொன்னார்' என்ற பரிந்துரைக்குத்தான் முதலிடம் கொடுக்கிறீர்கள்; அதற்கு ஊழியர்களுக்குப் பரிசுத் தொகைகூட வைத்திருக்கிறீர்கள். தெரிந்தவர் யாரும் இல்லாத ஒருவர், அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சான்றிதழை அடுக்குகிறார். பத்து பேட்ஜ் சேர்ந்தாலும் பரிந்துரைக்க ஒருவர்கூடச் சேர்வதில்லை.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன்?

முதலில் அந்த வரியை எடுங்கள், அல்லது முழுதாக எழுதுங்கள். எந்தச் சான்றிதழுக்கு உங்கள் தேர்வில் உண்மையிலேயே மதிப்பு உண்டோ அதன் பெயரை எழுதுங்கள். எதற்கும் இல்லை என்றால் 'சான்றிதழ் தேவையில்லை, செய்துகாட்டினால் போதும்' என்று எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மன்றம் 2022 ஜூனில் குறுஞ்சான்றிதழ்களுக்கான பரிந்துரையை ஏற்றபோது, சான்றிதழ் தருகிறவர் என்னென்ன தெரிவிக்க வேண்டும் என்று வரையறுத்தது. என்ன கற்றார், எத்தனை மணி நேர உழைப்பு, எப்படி மதிப்பிட்டார்கள், தரத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் அடக்கம். கொடுப்பவரிடம் இவ்வளவு கேட்கும்போது, கேட்பவரும் தனக்கு எது வேண்டும் என்று சொல்வதில் என்ன கஷ்டம்?

செய்துகாட்டச் சொல்வதென்றால் சிறியதாக வையுங்கள். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. அதற்கு மேல் என்றால் கூலி கொடுங்கள். 'டெஸ்ட் அசைன்மென்ட்' என்ற பெயரில் இரண்டு நாள் உழைப்பை இனாமாக வாங்கிக்கொள்வது நடக்கிறது என்பதையும் நாம் எல்லோரும் அறிவோம்.

உங்கள் ஊழியர் புதிதாக ஒன்றைக் கற்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள். கட்டிவிட்டு, 'சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம், இரண்டு வருடம் வெளியே போகக்கூடாது' என்று பத்திரம் எழுதி வாங்காதீர்கள். வேலை நேரத்தில் படிக்க விடுங்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்றாலும் சரி. காலண்டரில் அந்த நேரத்தை அடைத்துவிட்டு, அதே நேரத்துக்கு மீட்டிங் வைக்காமல் இருந்தால் போதும்.

கடைசியாக ஒரு கணக்கு வேண்டும். சென்ற ஆண்டு நீங்கள் எடுத்த ஆட்களில், வைத்திருந்த குறுஞ்சான்றிதழ் காரணமாகவே உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர்? விண்ணப்பங்கள் எல்லாம் உங்கள் மென்பொருளில்தான் இருக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்தால் எண் கிடைத்துவிடும். எந்தச் சான்றிதழ், எந்த வேலை, எத்தனை பேர் என்று உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே ஆண்டுக்கு ஒருமுறை போடுங்கள். எண் பூஜ்ஜியமாக இருந்தால் பூஜ்ஜியம் என்றே போடுங்கள். அதைப் பார்த்துப் பலர் சந்தாவை நிறுத்திவிடுவார்கள், என் வேலையும் குறையும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒப்படைப்பு திருத்தும் ஒருத்தி